ஒரே பைப்பில் இரண்டு மதர்போர்டு

கையில் சாக்பீஸோடு சென்னியப்பன் அண்ணன் வருவதைப் பார்த்ததும், நான் மேஜைக்கும் அவருக்கும் நடுவில் பாய்ந்துவிட்டேன்.

மேஜை மேல் இரண்டு கம்ப்யூட்டர்கள் பக்கத்துத் தகடு கழற்றப்பட்டுக் கிடந்தன. ஒன்று கருப்புப் பெட்டி, நான் கட்டியது. இன்னொன்று வெள்ளைப் பெட்டி, என் தோழியும் எங்கள் கடையின் பாதி முதலாளியுமான ரஹமத் கட்டியது. இடம், எங்கள் ஊர் கணபதிப் பகுதியில் இருக்கிற சென்னியப்பன் அண்ணனின் பம்ப் கம்பெனி. அதிலும் பம்ப்புகளை ஓடவிட்டுப் பார்க்கிற டெஸ்டிங் ஷெட். வார்ப்பு மண் வாசமும் கட்டிங் ஆயில் வாசமும் கலந்து அடித்தன.

“அண்ணா, சாக்பீஸு வேண்டாங்க. தூள் உள்ள போச்சுன்னா அவ்வளவுதானுங்க.”

“மார்க் பண்ணாம எப்படிங்க அம்மணி? எந்த ரேமு எந்த ஓட்டையில இருக்குதுன்னு தெரியோணுமில்லீங்க?”

“மேஜை மேல எழுதுங்க. பொட்டிக்குள்ள வேண்டாம்.”

மனசே இல்லாமல் மேஜைத் தகட்டின் மேல் குனிந்து, கருப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதினார். வெள்ளைக்குப் பக்கத்திலும் அதே மாதிரி எழுதினார். பிறகு நிமிர்ந்து, கையைத் தட்டித் தூளை உதறினார். தூள் நேராக என் மெஷினுக்குள் போனது.

ரஹமத் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு அந்த மேஜை மேல் இருந்தது இரண்டு பெட்டிகள் மட்டுமில்லை என்று எனக்கும் அவளுக்கும்தான் தெரியும்.

பெயரில்லாத கடை

போன வாரம் எங்கள் பாலிடெக்னிக் நாட்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “கடை திறந்த கதை எல்லாம் சொன்னீர்கள், கடையின் பெயரை மட்டும் ஏன் சொல்லவில்லை?” நல்ல கேள்வி. சொல்லாததற்குக் காரணம், அப்போது பெயரே கிடையாது.

காந்திபுரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் ஒரு பேக்கரிக்கும் நடுவில் இருந்தது எங்கள் கடை. நாள் முழுக்க வெண்ணெய் பிஸ்கட் வாசத்தில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தோம். நான் சொன்ன பெயர் ரஹமத்துக்குப் பிடிக்காது. அவள் சொன்ன பெயரை என் காது ஏற்காது. அதனால் வாசலுக்கு மேலே வெறும் நீலத் தகடு மாட்டி, பெயரை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். ஊரில் எங்களை “அந்த ரெண்டு புள்ளைங்க கடை” என்றார்கள். முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு அது ஒன்றும் கசக்கவில்லை.

ரஹமத் கோட்டைமேட்டுக்காரி. அவள் வாப்பா தையல் மெஷின் உதிரிபாகம் விற்கிறவர். அவரிடமிருந்து வந்தது அவளுடைய ஒழுங்கு. ஸ்க்ரூவைக் கழற்றினால் டிபன் டப்பா மூடியில் வரிசையாக வைப்பாள். கழற்றியபடியே திருப்பி மாட்டுவாள். நான் பொள்ளாச்சிக் கொப்பரை வியாபாரி மகள். களத்தில் கொட்டிக் குவித்துப் பழகிய குடும்பம். என் மேஜையும் அப்படித்தான் இருக்கும்.

அந்தச் சமயத்தில் எங்களுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. ரெடிமேட் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்று, தன் பெட்டிகளை விற்க எங்களையே டீலராகப் போடுவதாகச் சொன்னது. பெட்டி வரும், விற்க வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு பெட்டியின் பின்னாலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கிழித்து உள்ளே பார்த்தால் வாரண்டி கிடையாது.

ரஹமத்துக்கு ஒரே சந்தோஷம். “யோசிச்சுப் பாரு கோகிலா. ரிப்பேர்னா அவனே பாத்துக்குவான். நமக்கு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா இருக்கும்.” அவள் சொன்னது நியாயம்தான். ஒரு ஞாயிறுகூட நாங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டது கிடையாது. வாரம் முழுக்க வேலை செய்த மெஷின் எல்லாம் எங்கிருந்தாவது சனிக்கிழமை பார்த்துத்தான் படுத்துக்கொள்ளும்.

எனக்கோ அந்த ஸ்டிக்கரை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது. திறந்து பார்க்கக் கூடாத பெட்டியை விற்பதற்கு நான் எதற்கு? பக்கத்து பேக்கரிக்காரரே விற்கலாம். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே திறந்து பார்க்கத்தான்.

மாதக்கணக்கில் சண்டை போட்டோம். டீ குடித்துக்கொண்டே சண்டை, சால்டரிங் வைத்துக்கொண்டே சண்டை. அப்போதுதான் சென்னியப்பன் அண்ணன் வந்தார்.

எல்லாம் ஒரே பைப்பில்

வயலுக்கும் வீட்டுக்கும் தண்ணீர் இறைக்கிற மோனோபிளாக் பம்ப் செய்கிறவர் அவர். பம்ப்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற சக்கரத்துக்கு இம்பெல்லர் என்று பெயர். அதன் இறக்கை எப்படி வளைய வேண்டும் என்பதை, அதுவரை அச்செடுத்து, வார்த்து, ஓட்டிப் பார்த்து, சரியில்லையென்றால் உடைத்துப் போட்டு, மறுபடி வார்த்துத்தான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கம்ப்யூட்டரிலேயே தண்ணீர் ஓடுகிற மாதிரி கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று அவருடைய டிசைன் செக்‌ஷன் பிரபு சொல்லியிருக்கிறார். ஆனால் அவர்களிடம் இருந்த கம்ப்யூட்டர் ஒரு கணக்கைக் காலையில் ஆரம்பித்தால் மறுநாள்தான் முடிக்கும். நடுவில் கரண்ட் போனால் மறுபடியும் முதலிலிருந்து.

“ரெண்டு பிராசசர் இருக்கற மெஷினு வேணுமுங்க. எது நல்லதுன்னு நீங்களே சொல்லிப்போடுங்க” என்றார்.

இன்றைக்கு உங்கள் கையில் இருக்கிற போனுக்குள்ளேயே பல பிராசசர்கள் ஒரே சிப்பில் குடித்தனம் நடத்துகின்றன. அப்போது அப்படியில்லை. இரண்டு வேண்டுமென்றால், இரண்டு பிராசசரைத் தனித்தனியாக உட்கார வைக்கிற பெரிய மதர்போர்டு வாங்க வேண்டும். அந்த ஜாதி போர்டில் இரண்டு ரகம் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

“பெரிய போர்டுங்க” என்றேன் நான்.

“சின்னதே போதுங்க” என்றாள் ரஹமத்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். கஸ்டமர் முன்னால் இதைவிட அசிங்கம் வேறு வேண்டாம். பெரிய போர்டை நான் சொன்னதற்குக் காரணம் கேட்டால், உண்மையில் அதன் அழகுதான். ரேம் மாட்ட எட்டு ஸ்லாட், தடித்த தகடு, இரண்டு பக்கமும், பிராசசரின் சூட்டை வாங்கி வெளியே விடுகிற ஹீட் சிங்க், கோபுரம் மாதிரி. படத்தில் பார்த்தே மயங்கியிருந்தேன். ரஹமத் சொன்ன சின்ன போர்டில் நான்கே ஸ்லாட். “அதே பிராசசர்தான், அதே ரேம்தான். போர்டு மட்டும் பெருசா இருந்து என்ன பண்ணப்போகுது?” என்பது அவள் கட்சி.

சென்னியப்பன் அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு இது புது விஷயமே இல்லை. எதையும் இரண்டாக வைத்து ஓட்டிப் பார்க்காமல் அவர் வாங்கமாட்டார். வீட்டுக்கு கிரைண்டர் வாங்கும்போது இரண்டைக் கொண்டுவரச் சொல்லி, ஒரே மூட்டை அரிசி, ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, ஒன்றாக ஓடவிட்டாராம். இரண்டு மாவிலும் சுட்ட இட்லியை அந்தத் தெருவே சாப்பிட்டிருக்கிறது. தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனபோதும் இரண்டு வீட்டிலும் ஒரே கேள்விகளைக் கேட்டார் என்று அவருடைய வீட்டம்மா என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

“சண்டை வேண்டாங்க. ரெண்டையும் செஞ்சு நம்ம பம்ப்பு ஓட்டிப் பாக்கற டெஸ்ட் பெட்டுக்குக் கொண்டாந்துருங்க. ஒரே பைப்புல மாட்டிப் பாத்துப்போடலாம்” என்றார்.

பம்ப் சோதிக்கிறவர்களின் வேதவாக்கு அது. இரண்டு பம்ப்பை ஒப்பிட வேண்டுமென்றால் அதே தொட்டித் தண்ணீர், அதே பைப், அதே வால்வு, அதே மீட்டர். பைப் மாறினால் சோதனை செல்லாது. ஆகவே இரண்டு மெஷினுக்கும் ஒரே மாதிரி பிராசசர் ஜோடி, ஒரே மாதிரி நான்கு ரேம், ஒரே மாதிரி ஹார்ட் டிஸ்க். ரேமை ஒன்றாம் நம்பர் ஸ்லாட்டிலிருந்து வரிசையாக நான்கு வரைக்கும் மாட்ட வேண்டும். போர்டு மட்டும்தான் வேறு.

நியாயமாகத்தான் பட்டது. எங்கள் இரண்டு பேருக்குமே.

மெஷின்களை ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் போகும்போது, வாய்க்கொழுப்பில் நான்தான் ஆரம்பித்தேன். “உன் போர்டு ஜெயிச்சா அந்த டீலர்ஷிப்பை எடுத்துக்கலாம். என்னோடது ஜெயிச்சா நாம மெஷின் கட்டறதுதான், அப்புறம் ஸ்டிக்கர் பேச்சே எடுக்கக் கூடாது.”

ரஹமத் வெள்ளைப் பெட்டியை மடியில் வைத்துப் பிடித்திருந்தாள். “யோசிச்சுத்தான் பேசறயா?”

“யோசிக்காமப் பேசற ஆளா நானு?”

பதினைந்து வருஷமாக என்னைத் தெரியும் அவளுக்கு. “சரி” என்று மட்டும் சொன்னாள்.

மிளகாய் அரைத்த கதை

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லிவிட வேண்டும். பின்னால் தேவைப்படும்.

கடை ஆரம்பித்த புதிதில் ஒரு பிராசசர் காணாமல் போய்விட்டது. பழைய மெஷினைப் பிரித்து வைத்திருந்தோம். சாக்கெட்டைப் பார்த்தால் காலி. மேஜைக்கு அடியில், குப்பைக் கூடையில், என் செருப்புக்குள் எல்லாம் தேடியாயிற்று. கஸ்டமருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல், பொள்ளாச்சிக்குப் போன் போட்டு அம்மாவிடம் அழுதேன்.

அம்மா பாதியிலேயே போனை வைத்துவிட்டார். மறுநாள் ஆனைமலைக்கு பஸ் ஏறி, மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்துவிட்டு வந்துவிட்டார். பொருளைத் திருட்டுக் கொடுத்தவர்கள் நியாயம் கேட்டு மிளகாய் அரைப்பது அங்கே வழக்கம். எடுத்தவனுக்கு உடம்பெல்லாம் எரியும் என்பார்கள்.

அதே நாள் மத்தியானம் ரஹமத் ஹீட் சிங்கைத் துடைக்கத் திருப்பினாள். பிராசசர் அதன் அடியில் பசக்கென்று ஒட்டிக்கொண்டிருந்தது. சூட்டைக் கடத்துவதற்காக நடுவில் தடவுகிற பசை காய்ந்து, கழற்றும்போது சாக்கெட்டிலிருந்து அதையும் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது.

அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னோம். பதறிப்போய்விட்டார். “அய்யோ கண்ணு, நா மொளகா அரைச்சுப்போட்டனே! இப்ப அது யாரு மேல போகும்?”

“அந்த ஹீட் சிங்க் ஃபேன் மேல போகட்டும்மா” என்றாள் ரஹமத்.

அடுத்த வாரமே அந்த ஃபேன் மோட்டார் கருகி நாறியது. அம்மா இன்றைக்கும் அதை மாசாணியம்மன் கணக்கில்தான் வைத்திருக்கிறார்.

அன்றிலிருந்து ரஹமத்துக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்த மெஷினாக இருந்தாலும், வேலை முடிந்ததும் ஹீட் சிங்கில் விரலை வைத்துப் பார்ப்பாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி தொட்டு, தலையை ஆட்டிக்கொள்வாள். நான் கிண்டல் செய்யாத நாள் கிடையாது.

கருப்பும் வெள்ளையும்

டெஸ்டிங் ஷெட்டுக்குத் திரும்புவோம்.

சாக்பீஸ் சடங்கு முடிந்ததும் நாங்கள் தகடுகளை மூடினோம். பிரபு இரண்டு மெஷினிலும் ஒரே இம்பெல்லரின் கணக்கை ஏற்றினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடிகிற மாதிரி சின்னதாக வெட்டிய கணக்கு. இரண்டு திரையிலும் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நகரும். முழுக்க நிறைந்தால் முடிந்தது என்று அர்த்தம்.

செய்தி எப்படிப் பரவியதோ, மோல்டிங் ஆட்கள், லேத் ஆட்கள், பேக்கிங்கில் இருக்கிற பெண்கள் என்று ஒவ்வொருவராக வந்து நின்றுகொண்டார்கள். முதலாளியே சாக்பீஸோடு நிற்கும்போது யார் கேட்பது? கருப்புக்கு ஒரு கட்சி, வெள்ளைக்கு ஒரு கட்சி. தோற்ற கட்சி ஜெயித்த கட்சிக்குப் போண்டா வாங்கித் தர வேண்டும் என்று அவர்களே பேசி முடித்துவிட்டார்கள். யாரோ போய் வாங்கியும் வந்துவிட்டார். போண்டா தயார், யார் கணக்கில் என்பதுதான் பாக்கி.

கோடு ஆரம்பித்ததும் ஷெட் ரேக்ளா பந்தயம் மாதிரி ஆகிவிட்டது. “வுடு, வுடு! கருப்பா, வெசையா வாடா!” என்று ஒருவர் என் மெஷினை மாட்டைத் தட்டுகிற மாதிரி தட்டப் போனார். நல்லவேளை, பிரபு கையைப் பிடித்துவிட்டார்.

முதல் பாதியில் இரண்டும் சமம். இவ்வளவு பெரிய போர்டு பிய்த்துக்கொண்டு ஓட வேண்டாமா? பாதிக்கு மேல் வெள்ளை ஒரு விரல்கடை முன்னால் போனது. பிறகு அந்த விரல்கடை அப்படியே இருந்தது. கடைசியில் வெள்ளை தொட்டுவிட்டது. கருப்பு கொஞ்சம் தாமதித்து, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது.

வெள்ளைக் கட்சி விசிலடித்தது. போண்டாத் தட்டு அந்தப் பக்கம் போய்விட்டது.

“பாத்தீங்களா? போர்டு பெருசா இருந்தா பத்தாதுங்க” என்றார் சென்னியப்பன் அண்ணன், என்னைப் பார்த்துக் கொஞ்சம் வருத்தமாகவே. “சாப்ட்டுப்போட்டு வந்து முடிவு பண்ணிக்கலாங்க. கேன்டீன்ல அரிசிம்பருப்புச் சாதம். வாங்க.”

நான் போகவில்லை. ஷெட்டுக்குப் பின்னால், சோதனைத் தண்ணீர் விழுகிற பெரிய தொட்டி இருந்தது. அதன் விளிம்பில் போய் உட்கார்ந்தேன். யாரும் இல்லை. ஒரு பம்ப் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. சாரல் முகத்தில் தெறித்ததால், அழுதது எனக்கே சரியாகத் தெரியவில்லை.

இனிமேல் வாழ்நாள் முழுக்க ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிதான். கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்து, “இந்த மாடலுங்களா, அந்த மாடலுங்களா” என்று கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். வீட்டில் போய் ஸ்க்ரூ டிரைவரைக் காய்கறி நறுக்குகிற கத்திக்குப் பக்கத்தில் வைத்துவிட வேண்டியதுதான். அவ்வளவு கோபம் வந்தது எனக்கு, ரஹமத் மேல், அந்த போர்டின் மேல், என் வாய் மேல். வாயின் மேல்தான் அதிகம்.

கையை வை

“கோகிலா, இங்க வா.”

ரஹமத் ஷெட் வாசலில் நின்றாள். அவள் சாப்பிடப் போயிருப்பாள் என்று நினைத்திருந்தேன். உள்ளே போனால், மேஜை ஓரத்தில் அவளுடைய சாதத் தட்டு நெய் உறைந்து தொடாமல் இருந்தது. என் கருப்புப் பெட்டியைத் திறந்து வைத்து, அதே கணக்கை மறுபடி ஓடவிட்டிருந்தாள்.

“தோத்தத மறுக்கா எதுக்கு ஓட்டிப் பாக்கறே? கொண்டாடறயா?”

“கையை வைடி மொதல்ல.”

என் விரலைப் பிடித்து முதல் ஹீட் சிங்கில் வைத்தாள். சுரீரென்றது. இழுத்துக்கொண்டேன். இரண்டாவதில் வைத்தாள். வெதுவெதுவென்று இருந்தது. ஆறிப்போன டீ கிளாஸ் மாதிரி.

“ரெண்டும் ஒரே பிராசசர். ஒரே ஃபேன். ஒண்ணு கொதிக்குது, ஒண்ணு ஏன் இப்படி இருக்கு?”

“தெரியலியே.”

“வேலை செய்யற கைதான் சூடா இருக்கும். இது வேலை செய்யாம யாருக்கோ காத்துக் கெடக்குது.” மெஷினை நிறுத்திவிட்டு, போர்டின் மேல் டார்ச் அடித்தாள். “ஓட்டை எல்லாம் எங்க இருக்குன்னு பாரு.”

அந்த எட்டு ஸ்லாட்டை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். படத்திலும் பார்த்தேன், நேரிலும் பார்த்தேன். ஆனால் அவை எட்டும் ஒரே கும்பலாக இல்லை என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. முதல் பிராசசருக்குப் பக்கத்தில் நான்கு. இரண்டாவது பிராசசருக்குப் பக்கத்தில் நான்கு. அவரவருக்கு அவரவர் ரேம். நாங்கள் என்ன செய்திருந்தோம்? சாக்பீஸ் நம்பர்ப்படி ஒன்றிலிருந்து நான்கு வரை மாட்டியிருந்தோம். அந்த நான்கும் முதல் பிராசசர் வீட்டு வாசலில் இருந்தன. இரண்டாவதின் பக்கம் நான்கு ஸ்லாட்டும் காலியாக வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

“இந்த ரெண்டாவது ஒவ்வொண்ணுக்கும் மொதலாவது ஊட்டுக்குப் போயி வாங்கிட்டு வருது. அவிங்களுக்குக் குடுத்தது போகத்தானே இதுக்கு?” என்றாள் ரஹமத். “என்னோட போர்டுல வேற வழியே கெடையாது, இருக்கறதே ஒரு பக்கந்தான். உன்னோடதுல வழி இருக்கு. நாமதான் அடைச்சு வெச்சிருக்கோம்.”

எட்டு ஸ்லாட் எதற்கு என்றால், பின்னால் நிறைய ரேம் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மயங்குகிறவர்கள் எதற்கு என்று கேட்பதில்லை.

மூன்றாவது, நான்காவது ரேமைப் பிடுங்கினாள். இரண்டாவது பிராசசர் பக்கம் மாட்டினாள். க்ளக், க்ளக் என்று கிளிப்புகள் விழுந்தன. அவளே மாட்டினாள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

சாப்பிட்டுவிட்டு எல்லாரும் திரும்பி வந்தபோது, மறுபடி ஒரு ரவுண்டு வேண்டும் என்று ரஹமத் சொன்னாள். கலாட்டா ஆகிவிட்டது. வெள்ளைக் கட்சிக்காரர் ஒருவர், “தின்ன போண்டாவைத் திருப்பிக் குடுக்க முடியாதுங்க” என்று முதலிலேயே அறிவித்துவிட்டார்.

சென்னியப்பன் அண்ணனுக்குக் கோபமே வந்துவிட்டது. கோபத்திலும் ‘ங்க’ விடமாட்டார். “என்னங்க அம்மணி இது? ஒருக்கா ஓட்டி முடிச்சாச்சு. இப்பப் போயி பைப்ப மாத்தி மாட்டுனா அதுக்குப் பேரு டெஸ்டுங்களா?”

நான் பேசினால் தோற்றவள் பேச்சாகத்தான் இருக்கும். ரஹமத் தொட்டியைக் காட்டினாள்.

“ஒண்ணு கேக்கறேனுங்க அண்ணா. இந்தத் தொட்டியில ரெண்டு பம்ப்பு மாட்டறீங்க. ரெண்டும் ஒரே நேரத்துல ஓடோணும். ரெண்டுக்கும் சேத்து ஒரே சக்‌ஷன் பைப்பு குடுப்பீங்களா?”

“அதெப்படிங்க குடுக்கறது? ஒண்ணு இழுக்கறப்ப இன்னொண்ணு வெறும் காத்தை இழுக்கும். ஆளாளுக்குத் தனிப் பைப்புத்தானுங்க போடோணும்.”

“கோகிலா போர்டுல ஆளாளுக்குத் தனிப் பைப்பு இருக்குதுங்க. நாம ஒண்ணை மூடி வெச்சுட்டு, ரெண்டு பம்ப்பையும் ஒரே பைப்புல இழுக்க வுட்டுட்டோம்.”

அண்ணன் பெட்டிக்குள் குனிந்தார். ஒரு விரலால், தொடாமல், முதல் பிராசசரிலிருந்து அதன் ரேம் வரைக்கும் காற்றில் கோடு போட்டார். இரண்டாவதிலிருந்து அதன் ரேம் வரைக்கும் போட்டார். வெள்ளைப் பெட்டிக்குப் போய் அதையும் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இருந்தது.

“அட, என்னங்க இது! நெம்பத் தப்பாயிப்போச்சே!”

மேஜை மேல் எழுதியிருந்த நம்பர்களை உள்ளங்கையாலேயே அழித்தார். “பிரபு, போடுப்பா மறுக்கா.”

இந்தத் தடவை கருப்புப் பெட்டியை யாரும் தட்ட வேண்டியிருக்கவில்லை. அந்தப் பச்சைக் கோடு போன போக்கை நான் எப்படி எழுதுவது? வெள்ளை பாதியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வருவதற்குள் கருப்பு முடித்துவிட்டு, அடுத்த வேலை என்ன என்று கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தது. வெள்ளைக் கட்சிக்காரர்கள்கூட விசிலடித்தார்கள். பேக்கிங் பெண்கள், இன்னொரு தட்டுப் போண்டா முதலாளி கணக்கில் என்று சத்தமாகச் சொன்னார்கள்.

ரஹமத் இரண்டு ஹீட் சிங்கையும் தொட்டுப் பார்த்தாள். என் விரலையும் இழுத்து வைத்தாள். இரண்டும் ஒரே சூடு.

“கருப்பையே அஞ்சு குடுத்துருங்க” என்றார் சென்னியப்பன் அண்ணன். “அடுத்த தடவை வாரப்ப சாக்பீஸ் கொண்டாரலீங்க.”

நீலத் தகடு

திரும்பும்போது டவுன் பஸ். ஜன்னல் ஓரத்தில் அவள், பக்கத்தில் நான். பெட்டிகளை ஷெட்டிலேயே விட்டுவிட்டதால் மடியில் ஒன்றும் இல்லை. காந்திபுரம் வருகிற வரைக்கும் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். என்னால் எப்போது முடிந்தது?

“ஏன்டி சொன்னே? நீ பாட்டுக்குச் சும்மா இருந்திருந்தா ஜெயிச்சிருப்பே.”

“ஜெயிச்சாச்சு, சும்மா இருந்துரலாம்னுதான் போனேன். சாதம் வாங்கிட்டு வந்து உக்காந்தேன். சாப்படறதுக்கு முந்தி பழக்கதோஷத்துல ஓட்டி, கையை வெச்சுப் பாத்துட்டேன்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “அப்புறம் ஒரு வாய் எறங்கல.”

டிக்கெட்டை மடித்துக்கொண்டே, “ஞாயித்துக்கிழமைதான் போச்சு” என்றாள். குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

மறுநாள் காலையில் நான் போர்டு எழுதுகிறவரைக் கூட்டிவந்தேன். ஏணியில் ஏறி, பிரஷ்ஷைத் தொட்டுக்கொண்டு, “பேரு சொல்லுங்க” என்றார். பெயர் அப்போதும் முடிவாகவில்லை. வாசலில் வைத்தே மறுபடி சண்டை ஆரம்பித்தது. அவர் ஏணி மேலேயே ஒரு பீடியைக் குடித்து முடித்துவிட்டார்.

“பேரு அப்புறம் எழுதிக்கலாம்” என்றேன். “இப்போதைக்கு ‘ஞாயிறு விடுமுறை’ன்னு எழுதுங்க.”

“எவ்வளவு பெருசாங்க?”

“தகடு முழுக்க.”

ரஹமத் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பக்கத்து பேக்கரியில் பிஸ்கட் வாங்கி வந்து, போர்டு எழுதுகிறவருக்கு இரண்டும் எனக்கு ஒன்றும் கொடுத்தாள்.

ஈரோட்டு வாசகிக்கு இப்போது பதில் சொல்லிவிடலாம். பெயருக்கு விட்ட இடம் அதற்குப் பிறகு மிச்சமே இல்லை. ஊர் எங்களை “ஞாயித்துக்கிழமை லீவு கடை” என்று கூப்பிட ஆரம்பித்தது. இன்றைக்கும் பில்லில்கூட அதுதான்.

இதை நான் எழுதிக்கொண்டிருப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நடுவில் போன் வந்தது. ரஹமத்.

“எங்க இருக்கே?”

“ஊட்லதான். எழுதிட்டிருக்கேன். நீ?”

பின்னால் ஃபேன் சத்தம் கேட்டது. ஒன்றில்லை, நிறைய ஃபேன்.

“ரஹமத், நீ கடையிலயா இருக்கே?”

“நேத்துச் சாயங்காலம் அந்தப் புது போர்டு வந்துச்சில்ல. சும்மா ஒருக்கா ஆன் பண்ணிப் பாக்கலாம்னு வந்தேன். கோகிலா, ஒரு பக்கம் சூடா இருக்கு. இன்னொரு பக்கம் ஆறிப்போயிருக்கு. வந்து கையை வெச்சுப் பாக்கறயா?”

பேனாவை மூடிவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.